விமானத்தினுள் காற்று: வரத்தும் மதகும்

முன்னுரை

பட்டுத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காற்றின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் பட்டிழை எளிதில் அறுந்துபோகும் என்பதை ஆரணியின் நெசவாளர் எவரும் அறிவர். குழித்தறியின் மண்குழி தரும் குளிர்ச்சியும் ஈரமும் இழைக்குத் துணை நிற்கின்றன. நிலத்தின்மீது, நான்கு சுவர்களுக்குள், ஒரு பாவினைக் காப்பதற்கே காற்றின்மேல் இத்துணைக் கவனம் வேண்டியிருக்கிறது. அவ்வாறாயின், 36,000 அடி உயரத்தில் 180 மனிதர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் உலோகக் கூட்டினுள் காற்றை எவ்வாறு காக்கின்றனர்?

நம் வட்டாரத்திலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் மீனம்பாக்கம் சென்று விமானம் ஏறுவோர் இன்று பலர். இருக்கையில் அமர்ந்ததும் தலைக்குமேல் ‘உஸ்’ என்னும் ஓசையுடன் குளிர்ந்த காற்று வருகிறது. ‘ஏ.சி. போட்டுவிட்டார்கள்’ என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அது வெறும் சுகத்துக்கான குளிர்ச்சி அன்று. விமானம் மேலேறிய பின் நாம் உயிரோடிருப்பதே அந்தக் காற்றினால்தான். அது எங்கே பிறந்து, எவ்வழியே வந்து, எவ்வாறு பகிரப்பட்டு, எவ்வழியே வெளியேறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உயரமும் உயிரும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். அத்தபால் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னையை வந்தடைந்தது. அந்தச் சிறு விமானம் தாழ்வாகப் பறந்தமையால் விமானி சுற்றிலும் இருந்த காற்றையே சுவாசித்தார். 1960இல் ஏர் இந்தியா போயிங் 707 ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டபோது நிலைமை முற்றிலும் வேறு. ஜெட் விமானம் 30,000 அடிக்கு மேல் பறந்தால்தான் காற்றின் தடை குறையும்; எரிபொருளும் மிச்சமாகும்.

ஆனால் எந்த மெலிந்த காற்று விமானத்துக்கு நன்மை செய்கிறதோ, அதுவே மனிதனுக்குத் தீங்கு செய்கிறது. 36,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் கால் பங்குகூட இல்லை. அங்கே ஆக்சிஜனே இல்லை என்று சிலர் கருதுவது தவறு. அங்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜனே. ஆயின் அதனை நுரையீரலிலிருந்து இரத்தத்தினுள் தள்ளுவதற்குரிய அழுத்தம் இல்லை. அவ்வுயரத்தில் திடீரெனக் கூட்டினுள் அழுத்தம் போய்விட்டால், மனிதன் தெளிவாகச் சிந்தித்துச் செயல்படக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். வெளியே குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 50 பாகை செல்சியஸ்.

எனவே பயணிகள் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். கடல் மட்டத்துக்குச் சமமாக நிரப்பினால் விமானத்தின் உடல் அதனைத் தாங்க மிகக் கனமாக இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு சமரசம் செய்துகொண்டனர். விமானம் எவ்வளவு உயரம் சென்றாலும், உள்ளே இருப்பவர்கள் 8,000 அடிக்கு மேற்படாத மலையொன்றில் இருப்பதுபோல் உணரவேண்டும் என்பதே அது. உதகமண்டலம் சுமார் 7,350 அடி. தொட்டபெட்டாச் சிகரம் சுமார் 8,650 அடி. ஆக, உயரே பறக்கும் விமானத்தில் நாம் உதகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறோம் எனலாம்.

வெப்பத்திலிருந்து பிறக்கும் குளிர்

இந்திய உள்நாட்டு வழிகளில் மிகுதியாகப் பறப்பது ஏர்பஸ் 320 வகை. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஜெட் என்ஜினின் முன்பகுதியில் காற்றை இறுக்கும் கம்ப்ரஸர் உள்ளது. அங்கே இறுக்கப்பட்ட காற்றில் எரிபொருள் கலப்பதற்கு முன்னரே, அதன் ஒரு பகுதியைக் குழாய் வழியே பிரித்தெடுக்கின்றனர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதே காரணத்தால் இந்தக் காற்றும் கடும் வெப்பத்துடன் வருகிறது. முதலில் அதனைச் சுமார் 200 பாகை செல்சியஸுக்குத் தணிக்கின்றனர். நமக்குக் குளிர்ச்சியாக வந்து சேரும் காற்று, கொதிநீரினும் இருமடங்கு வெப்பத்துடன் புறப்பட்டது என்பது வியப்பன்றோ!

இக்காற்று விமானத்தின் வயிற்றுப் பகுதியில், இறக்கை இணையும் இடத்தருகே உள்ள இரண்டு குளிர்விக்கும் பொறிகளுக்குச் செல்கிறது. விமானத் துறையினர் இவற்றைப் ‘பேக்’ என்று அழைப்பர். ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று பணிசெய்யும். ஒவ்வொரு பேக்கிலும் நடப்பது வருமாறு:

முதலாவதாக, வெப்பக் காற்று ஒரு வெப்பப் பரிமாற்றியின் வழியே செல்கிறது. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று அதன் வெப்பத்தின் ஒரு பகுதியைக் கவர்ந்து செல்கிறது. இரண்டாவதாக, அக்காற்றை ஒரு சிறு கம்ப்ரஸர் மீண்டும் இறுக்குகிறது. வெப்பம் மறுபடி ஏறுகிறது. குளிர்விக்க வேண்டிய காற்றை ஏன் சூடேற்ற வேண்டும் என்று கேட்கலாம். வெப்பநிலை வேறுபாடு மிகுந்தால்தான் வெப்பம் விரைந்து வெளியேறும். ஆகவே மூன்றாவதாக வரும் இரண்டாம் பரிமாற்றியில் அது பெருமளவு வெப்பத்தை இழக்கிறது. நான்காவதாக, காற்றிலுள்ள ஈரத்தை நீராகப் பிரிக்கின்றனர். ஐந்தாவதாக, அழுத்தம் மிகுந்த அக்காற்றை ஒரு டர்பைனின் வழியே விரியவிடுகின்றனர். விரியும் காற்று டர்பைனைச் சுழற்றும் வேலையைச் செய்கிறது. அவ்வேலைக்குரிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுப்பதால் மிகவும் குளிர்ந்துவிடுகிறது. அந்த டர்பைனின் அச்சே முன்சொன்ன சிறு கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது.

வெப்ப இயக்கவியலில் நாம் படிக்கும் வெப்பப் பரிமாற்றமற்ற விரிவு இதுவே. கிளாஸ்கோ நகரத்தவரான பெல், கோல்மன் ஆகியோரின் பெயரால் வழங்கும் காற்றுக் குளிர்ச் சுழற்சி, 19ஆம் நூற்றாண்டில் இறைச்சி ஏற்றிவந்த கப்பல்களில் பயன்பட்டது. பின்னர் தரையில் வழக்கொழிந்த அச்சுழற்சி வானில் மறுவாழ்வு பெற்றது. வீட்டு ஏ.சி.யில் உள்ளதுபோன்ற குளிர்விக்கும் வாயு இதில் இல்லை. காற்றே காற்றைக் குளிர்விக்கிறது. பிரித்தெடுத்த நீரையும் வீணாக்குவதில்லை. வெப்பப் பரிமாற்றியின்மீது வீசும் வெளிக்காற்றில் அதனைத் தெளிக்கின்றனர். நம் வீட்டு மண்பானை குளிரும் தத்துவமே அங்கும் உதவுகிறது.

எல்லா விமானங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. ஏர் இந்தியா 2012இல் பெறத் தொடங்கிய போயிங் 787 வகையில், பயணிகளுக்கான காற்று என்ஜினிலிருந்து எடுக்கப்படுவதில்லை. மின்சாரத்தால் இயங்கும் தனிக் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றை நேரே இழுத்துத் தருகின்றன. என்ஜின் காற்றில் சில வேளைகளில் எண்ணெய் ஆவி கசிந்து கலப்பதுண்டு. அக்குறை இம்முறையில் நீங்குகிறது.

வெண்புகை கண்டு அஞ்சற்க

சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் விமானம் தரையில் நிற்கும்போது, மேற்புறத் துளைகளிலிருந்து வெண்புகை போன்றதொன்று இறங்கும். முதன்முறை பறப்பவர்கள் தீப்பற்றியதோ என்று திகைப்பர். அது புகையன்று, பனி மூட்டமே. கதவுகள் திறந்திருப்பதால் உள்ளே நிறைந்துள்ள ஈரக்காற்று, குழாயிலிருந்து வரும் குளிர்காற்றைச் சந்திக்கிறது. ஈரம் நுண்துளிகளாகி மூட்டமாகத் தெரிகிறது. மார்கழிக் காலையில் கமண்டல நாகநதியின்மேல் படரும் பனியும் இவ்வாறு ஈரம் நுண்துளியாவதே. மூட்டத்துக்கு நெடி இராது. சற்று நேரத்தில் மறையும். கருகிய நெடி இருந்தால் மட்டும் பணியாளரிடம் உடனே கூற வேண்டும்.

கலவை அறையும் மூன்று மண்டலங்களும்

இரு பேக்குகளிலிருந்தும் வரும் புதுக்காற்று தரைத்தளத்தின் கீழுள்ள ஒரு கலவை அறையை அடைகிறது. பயணிகள் அறையிலிருந்து திரும்பி வரும் காற்றின் ஒரு பகுதி, வடிகட்டிகளைக் கடந்து அங்கே அதனுடன் கலக்கிறது. பொதுவாகப் பாதிக்குப் பாதி என்னும் அளவில் இக்கலவை அமைகிறது. மருத்துவமனை அறுவை அரங்குகளிலும் பயன்படும் இவ்வகை வடிகட்டியை ‘ஹெப்பா’ என்பர். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துக்கொள்ளும். கழிவறை, சமையற்பகுதி ஆகியவற்றின் காற்று இங்கே திரும்புவதில்லை. அது தனி வழியே வெளியே செல்லும்.

கலவை அறையிலிருந்து காற்று மூன்று மண்டலங்களுக்குப் பிரிகிறது: விமானிகள் அறை, முன்பகுதி, பின்பகுதி. மூன்றிலும் ஒரே வெப்பநிலை வேண்டுவதில்லை. விமானிகள் அறையில் கண்ணாடி வழியே வெயில் நேரே விழும். பயணிகள் நெருங்கி அமர்ந்த பகுதியில் மனித உடலின் வெப்பம் மிகும். ஒருவர் சும்மா அமர்ந்திருந்தாலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 180 பேர் எனில் 18,000 வாட்! வெளியே உறைபனிக் குளிர் இருந்தும் உள்ளே குளிரூட்ட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கொரு எளிய ஏற்பாடு செய்துள்ளனர். எந்த மண்டலம் மிகுந்த குளிர்ச்சியைக் கேட்கிறதோ, அதற்கேற்பப் பேக்குகள் காற்றைக் குளிர்விக்கும். மற்ற மண்டலங்களுக்குச் செல்லும் குழாய்களில், பேக்கினுள் செல்லாத வெப்பக் காற்றைச் சிறிது சிறிதாகக் கலந்து அளவுக்குக் கொண்டுவருவர். குளிக்கும் நீரில் வெந்நீர் விளாவுவது போன்றதே இது.

பாவும் ஊடையும்

இனி, நம் இருக்கைக்குக் காற்று வரும் முறையைக் காண்போம். ஆரணியைச் சேர்ந்தவர்களுக்கு இதனைத் தறியின் மொழியில் கூறினால் எளிதில் விளங்கும்.

விமானத்தின் நீளவாக்கில் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. இவை பாவு. ஆனால் இருக்கைப் பகுதியில் காற்று முன்னிருந்து பின்னாகப் பாவுபோல் ஓடுவதில்லை. ஊடைபோல் குறுக்கே ஓடுகிறது. கூரையோரத்திலும் ஜன்னல்களுக்கு மேலேயும் உள்ள நீண்ட பிளவுகளின் வழியே காற்று இறங்குகிறது. வரிசையின் குறுக்கே வட்டமாகச் சுழன்று, கால்களின் அருகே, பக்கச் சுவரின் அடியில் உள்ள சல்லடைத் துளைகளின் வழியே வெளியேறுகிறது. ஏறத்தாழ எந்த வரிசையில் இறங்கியதோ அதன் அருகிலேயே அது வெளியேறுமாறு அமைத்துள்ளனர். முதல் வரிசையில் ஒருவர் விட்ட மூச்சு முப்பதாம் வரிசை வரை ஊர்ந்து வருவதில்லை. தலைக்குமேல் உள்ள திருகுத் துளை, நமக்கு வேண்டிய திசையில் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதற்கு மட்டுமே.

இவ்வாறு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அறையின் காற்று முழுவதும் மாறுகிறது. அதாவது மணிக்கு 20 முதல் 30 முறை. ஒருவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 250 கிராம் புதுக்காற்று கிடைக்குமாறு விமானத்தை வடிவமைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 180 பேருக்கு நிமிடத்திற்கு 45 கிலோ காற்று!

ஆனால் இக்காற்றில் ஒரு குறையும் உண்டு. உயர்வானத்துக் காற்றில் ஈரம் இல்லாமையால், அறையின் ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு வரைதான் இருக்கும். பட்டிழை அறுந்துபோகும் வறட்சி அது. நெடும்பயணத்தில் உதடும் தொண்டையும் காய்வது இதனால்தான். அடிக்கடி நீர் அருந்துதல் நலம்.

நடுவிருக்கை வழக்கு

காற்றுப் பகிர்வு நீதிமன்றப் படியேறிய கதையும் நம் நாட்டில் உண்டு. கொரோனா நோயினால் 2020 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட உள்நாட்டு விமானங்கள் மே 25 முதல் மீண்டும் பறந்தன. மூன்று இருக்கைகளில் நடுவிருக்கையைக் காலியாக விடவேண்டும் என்று விமானி ஒருவர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று திரும்பியது. இறுதியில் 2020 ஜூனில், உரிய பாதுகாப்புகளுடன் நடுவிருக்கையிலும் பயணிகளை அமர்த்தலாம் என்று உயர்நீதிமன்றம் கூறியது.

மேலிருந்து கீழாக இறங்கும் காற்றோட்டமும் ஹெப்பா வடிகட்டியும் பாதுகாப்பளிக்கும் என்பது அந்நாளில் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு எடுத்துரைத்த வாதம். இவ்வாதம் உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. வடிகட்டி, தன்னிடம் வந்து சேர்ந்த காற்றைத்தான் தூய்மை செய்யும். பக்கத்து இருக்கைக்காரர் இருமினால், அது காலடித் துளையை அடையுமுன் நம் மூக்கை அடையலாம். அதனால்தான் முகக்கவசமும் நடுவிருக்கைக்காரருக்கு மேலங்கியும் வேண்டியிருந்தன.

வரத்தும் மதகும்

காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் போதுமா? வெளியேறவும் வேண்டும். நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். வரத்துக் கால்வாயில் நீர் வருகிறது. மதகின் வழியே போகிறது. ஏரியின் நீர்மட்டத்தை நிலைநிறுத்த வேண்டுமானால், வரத்துக்கேற்ப மதகைத் திறந்தும் மூடியும் வைத்தல் வேண்டும். விமானத்திலும் அவ்வாறே. பேக்குகள் இடைவிடாது காற்றைக் கொண்டுவருகின்றன. விமானத்தின் பின்பகுதியில், வயிற்றின் அடியில், ஒரு வால்வு உண்டு. அதுவே மதகு. அது சற்று மூடினால் உள்ளழுத்தம் ஏறும், திறந்தால் இறங்கும். கணிப்பொறி அதனைத் தானே இயக்குகிறது.

உயரே பறக்கையில் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்து டன் எடையை வைத்ததற்குச் சமம். ஏரி நிறைந்து நிற்கிறது என்றே கொள்ளலாம். வரத்து நின்றாலோ, மதகு திறந்தே கிடந்தாலோ என்னாகும்? இரண்டும் நிகழ்ந்துள்ளன.

2018 செப்டம்பர் 20 அன்று, மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் புறப்பட்டது. என்ஜினிலிருந்து காற்றை எடுக்கும் விசைகளை விமானிகள் போட மறந்துவிட்டனர். வரத்தே இல்லை. விமானம் ஏற ஏற உள்ளே அழுத்தம் குறைந்தது. ஆக்சிஜன் முகமூடிகள் கீழிறங்கின. சுமார் 30 பயணிகளுக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. விமானம் மும்பைக்கே திரும்பியது; உயிரிழப்பு இல்லை.

2005 ஆகஸ்ட் 14 அன்று, சைப்ரஸ் நாட்டின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவன விமானத்தின் கதையோ துயரமானது. முந்திய பராமரிப்பின்போது அழுத்தக் கட்டுப்பாட்டு விசையைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறைக்கு மாற்றியவர்கள், அதனைத் திரும்ப மாற்றவில்லை. விமானிகளும் கவனிக்கவில்லை. மதகு மூடாமலே விமானம் உயர்ந்தது. ஒலித்த எச்சரிக்கையை வேறொன்றாக எண்ணிக்கொண்ட விமானிகள் விரைவில் மயங்கினர். எரிபொருள் தீரும்வரை தானே பறந்த விமானம், கிரேக்க நாட்டு மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 121 பேரும் மாண்டனர்.

இரண்டிலும் பொறி உடையவில்லை. ஒரு விசை இருக்கவேண்டிய நிலையில் இல்லை, அவ்வளவே.

முடிவுரை

அறைக்குள் அழுத்தம் 14,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறைந்தால் முகமூடிகள் தாமே இறங்கும். முகமூடியை இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். பல விமானங்களில் அது உருளையில் அடைத்த வாயு அன்று. சோடியம் குளோரேட் என்னும் வேதிப்பொருளைச் சூடாக்கி அங்கேயே உண்டாக்குவது. அதனுடன் உள்ள பை உப்பவில்லையே என்று அஞ்ச வேண்டா. உப்பாவிடினும் ஆக்சிஜன் வரும். ஏறத்தாழ 12 நிமிடங்களுக்கு அது போதும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறங்கிவிடுவார்.

‘முதலில் உங்கள் முகமூடியை அணியுங்கள், பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள்’ என்று பணிப்பெண் கூறும்போது, தாய்மனம் அதனை ஏற்க மறுக்கலாம். தன்னலம்போல் தோன்றும் இவ்விதியின் பின்னே அந்த அரை நிமிடக் கணக்கு இருக்கிறது. தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு அணிவிக்க ஆளில்லை. தாய் விழித்திருந்தால் இருவரும் பிழைப்பர்.

அந்த விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விரைவாகச் சொல்லப்படுகிறது. முதன்முறையாக விமானம் ஏறும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது விளங்குவதில்லை. விளங்கும் நம்மில் பலரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்லூரியில் வெப்ப இயக்கவியலும் வாயு விதிகளும் கற்ற நாம், ஊரிலிருந்து ஒருவரை வழியனுப்பும்போது, முகமூடியைப் பற்றிய இந்த இரண்டு செய்திகளைத் தமிழில் சொல்லி அனுப்பினால் போதும்: இழுத்தால்தான் வரும், முதலில் உனக்கு, பிறகு பிள்ளைக்கு. தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் ஓர் உயிரைக் காக்குமானால், நாம் கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.